கலாவதி பார்க்காத வெந்நீரூற்று

சுவிஸின் ஆரா நகரில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் தயாபரன், அகதியாக வந்த நாளிலிருந்து பாத்திரத்தோடும் பெரிய சூப்புச் சட்டிகளோடும் வாழ்ந்தவர். சுவிஸ் பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் ஒரேயொரு தடவை மனைவியோடு ஊர் சுற்றப் போனார். அமெரிக்காவில் ஒரு தேசியப் பூங்கா. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தக் கதை தொடங்கிவிடும். தன் பேச்சை அவர் பேசுவார். மனைவி கலாவதியின் பேச்சை மகள் தக்ஷிகா, தாயின் குரலிலேயே பேசுவாள்.

"நான் இப்பிடியே இழுத்துக் கதைக்கிறனான்?" என்பார் கலாவதி, அதே இழுவையில்.

கலாவதி இறந்து ஒரு வருடமாகப் போகிறது. தக்ஷிகா அதன்பின் யார் குரலையும் எடுக்கவில்லை. தயாபரனும் கதையைத் தொடவில்லை. கைப்பேசியில் படங்கள் நிறைய. கலாவதியின் குரல் ஒன்றுகூட இல்லை. அது மெல்ல மெல்லக் காதிலிருந்து நழுவுவதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று அவரோடு வேலை செய்யும் திலக்சன் வந்திருந்தான். தக்ஷிகா அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அமெரிக்கா போனனீங்களாம். அந்த மேலை பீச்சியடிக்கிற பெரிய வெந்நீரூற்றைப் பாத்தனீங்களோ?"

"பெரிசிலை ஒரே சனம். சின்னன் ஒண்டுக்குப் பக்கத்திலை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு கிடந்தது. அதிலை இருந்து புட்டுப் பார்சலை அவிட்டம். போற வாற வெள்ளையளின்ரை கண்ணூறு படுமெண்டு பாதைக்கு முதுகைக் காட்டி இருந்தம். ஊற்றும் அந்தப் பக்கந்தான்."

"பிறகு?"

"பின்னாலை புஸ்ஸெண்டு ஒரு சத்தம். பிடரியிலை தண்ணி. கலா சொன்னா..."

பழக்கத்தில் நிறுத்திவிட்டார். அடுத்தது அவருடைய இடமல்ல. திலக்சன் காத்திருந்தான். அடுப்படியில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

"மழையப்பா, மழை... புட்டை மூடுங்கோவன்."

கடைசிச் சொல் கொஞ்சம் மூக்கால் வந்தது. தயாபரன் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை.

"மழையெண்டால் ஏன் கலா இளஞ்சூடாக் கிடக்கு?"

"அமெரிக்காவிலை எல்லாம் சூடாத்தான் குடுப்பினம்."

திலக்சன் சிரித்தான். "அப்ப ஊற்று எழும்பினதைப் பாக்கேல்லையோ?"

"திரும்பேக்கை அது அடங்கிட்டுது."

"புட்டு நனையேல்லை," என்றது அடுப்படி.

தயாபரன் தேத்தண்ணியை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. திரும்ப வைத்தார்.

"திலக்சன், நான் முதல் சொன்னதை நீர் வடிவாக் கேக்கேல்லை," என்று வாங்கில் இருந்த இடத்திலிருந்து கதையை மறுபடி தொடங்கினார்.