மிச்சமிருந்த ஐந்து ஓவர்

சென்ற ஞாயிறு மாலை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்னும் ஊரின் பூங்காவில், ஓர் ஐந்தை நான்காகத் திருத்துவதற்குப் பேனாவின் மூடியைத் திறந்தேன். ஒற்றுப்பிழைக்கே உறக்கம் கெடுகிறவன் நான். பிறகு எப்படித் துணிந்தேன் என்கிறீர்களா? கிரிக்கெட்!

என் மனைவியின் தம்பி நகுலனுக்கு ஒரே மகள் — ஆரணி, பதினான்கு வயது, வேகப்பந்து வீச்சாளர். போன ஆண்டு இங்கிலாந்து ஆஷஸ் கோப்பையை வென்றதிலிருந்து லண்டனில் பந்தைத் தொடாத பிள்ளை இல்லை. ஆனால், இவள் தொட்டால் ஸ்டம்ப் பறக்கும்.

வளரும் முதுகெலும்பு வேகப்பந்து வீச்சின் சுமையை அளவுக்கு மீறித் தாங்காது. ஆகவே, அவள் வயதினர் ஒரு நாளில் பத்து ஓவருக்கு மேல் வீசக்கூடாது என்பது இந்நாட்டு விதி. கிளப்பின் பயிற்சியாளர் அம்மையார் இதை நகுலனுக்கு நிறுத்தி நிதானமாக எடுத்துரைத்திருந்தார். அவனும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான்.

எப்படி? காலையில் இல்ஃபோர்டில் கிளப்புக்காக ஐந்து ஓவர். மாலையில், நகுலனும் நானும் படித்த ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் அணிக்காக, தொப்பை சரிந்த மாமன்மார் நடுவே, இன்னும் ஐந்து.

"ஏனடாப்பா பிள்ளையை இந்தப் பாடு படுத்துறாய்?" என்று கேட்டேன்.

"பத்து அலவ்ட், அத்தான். காலமை அஞ்சுதான் போட்டவள். மிச்சம் அஞ்சும் வீணாப் போறதே?"

நம்மவர் இயல்பே இதுதான். மேல்வரம்பு என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும் — அதை எட்டாமல் விடுவது பாவம் நமக்கு. இருபது கிலோ வரம்புள்ள விமானப் பெட்டி பத்தொன்பதரைக் கிலோவோடு நின்றுவிட்டால், மனம் பொறாமல் இன்னும் ஒரு பொதி மிளகாய்த்தூளைத் திணிக்காத தமிழரை நீங்கள் கண்டதுண்டா?

அன்று எதிரணி, பக்கத்து ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள். கடைசி ஓவரில் அவர்களுக்கு எட்டு ஓட்டங்கள் தேவை. ஆரணியின் பத்து ஓவரும் முடிந்திருந்தன. எங்கள் கேப்டன் நகுலன், நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான். ஆரணி அன்று வீசிய ஓவர்களைக் குறித்த அட்டையும் என்னிடம்தான் இருந்தது. நடுவர் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.

"அத்தான், காலமை நாலு எண்டு மாத்திவிடுங்கோ. இங்க ஆருக்குத் தெரியும்?"

"பொய் எழுதச் சொல்லுறியோ?"

"ஒரேயொரு ஓவர்! உவங்களிட்டத் தோத்தா, பிறகு கலியாண வீடுகளுக்கு எந்த முகத்தோட போறது?"

நியாயமான கேள்வி... அடுத்த மாதமே ஒரு கலியாணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஊர். பேனாவைத் திறந்தேன்.

"மாமா, எழுதாதேங்கோ."

மேசைக்குப் பின்னால் ஆரணி நின்றாள். ஒரு கை இடுப்புக்கு மேலே முதுகை அழுத்தியிருந்தது.

"அப்பா, ஐ கான்ட். என்னால ஏலாது."

"ஒரு ஓவர்தானே பிள்ளை?"

"முதுகு நோகுது. காலமையில இருந்தே நோகுது."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா... மிச்சம் அஞ்சும் வேஸ்ட் எண்டு கவலைப்படுவீங்கள்."

நகுலன் அவள் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டு தானே வீசப் போனான். இரண்டே பந்துகள். இரண்டும் வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. எதிரணியினர் ஆடிய கூத்தைக் கேட்காதீர்கள். நகுலன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது, புல்லில் மல்லாந்து படுத்திருந்த மகளை.

செவ்வாய்க்கிழமை மூவருமாகப் பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவள் முதுகை அவர் வளைத்தும் அழுத்தியும் பார்த்தார். எலும்பில் கீறல் விழுமுன்னே வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, நல்லது என்றார். இப்படியே ஆட்டப் பருவம் முழுவதும் வீசியிருந்தால்? கீறல் உறுதி என்றார். குறைந்தது ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று முடித்தார்.

நகுலன் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், மூக்கை உறிஞ்சினான்... பிறகு, நான்கு வாரம் போதாதா என்று அவரிடம் ஆங்கிலத்தில் பேரத்தைத் தொடங்கினான்.

"அப்பா, ஆறு மினிமம். நான் எட்டு எடுக்கிறன்," என்றாள் ஆரணி.

"எட்டோ? பிள்ளை, சீசனே முடிஞ்சிடுமெல்லே—"

"இன்னொருக்கா கேட்டீங்களெண்டா பத்து."

நகுலன் வாயை மூடிக்கொண்டான். ஒரு வரம்புக்குக் கிட்டவே போகாமல் அந்த மனிதன் நின்றதை அன்றுதான் கண்டேன்!