கருவாடு காயும்போது கேட்ட மழை

செய்தி வந்தபோது மதுரங்குளி ஐஸ் ஆலையில் கம்ப்ரசரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி செலினின் அண்ணன் பேசினார். அவள் போய்விட்டாள். மிச்சமிருந்த நான்கு போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏனென்று இன்றும் தெரியவில்லை.

எத்தாளைக் கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டை எழுதி வாசித்தவள் அவள் என்பது பங்கு மக்களான உங்களுக்குத் தெரியும். பிரசங்கத்துக்குப் பிறகு கோயிலே சேர்ந்து மற்றவர்களுக்காகக் கேட்கும் அந்தச் சில நிமிடங்களை அவள் எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நன்கொடை தந்தவருக்கு நன்றி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வெட்டிவிடுவாள். "அது அறிவித்தல். மன்றாட்டு எண்டா கேக்கிறது."

ஒரு ஞாயிறு, வெளியிலிருந்து வந்த அச்சுத்தாளில் மழை கேட்டு ஒரு மன்றாட்டு இருந்தது. எங்கள் கரையெல்லாம் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசிக்க, நாங்கள் பழக்கத்தில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். அவள் அடுத்ததற்குப் போகவில்லை.

"என்ன கேட்டம் எண்டு தெரியுமா? வண்ணாத்திவில்லுல வயல் வெடிச்சுக் கிடக்கு. எங்கட கருவாடு நனைஞ்சாலும் பரவாயில்ல எண்டு கேட்டிருக்கிறம். இன்னொருக்காச் சொல்லுவம்."

இரண்டாம் முறை பதில் மெதுவாகத்தான் வந்தது.

வாசலில், வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி அந்தோனி மாமா அவளை மறித்தார். "பிள்ள, மழை வந்தா என்ர கருவாடு உன்ர வீட்டுக்குள்ளதான் காயும்."

"கொண்டு வாங்க மாமா. கேட்டது நீங்களுந்தானே."

வியாழக்கிழமை மழை வந்தது. எங்கள் விறாந்தை இரண்டு வாரம் நாறியது.

அவள் நோயில் விழுந்தபின், பெயர் சொல்லி மன்றாடலாமா என்று பங்குச் சுவாமி கேட்டார். மறுத்துவிட்டாள். "இந்த வார்ட்டில பன்னிரண்டு பேர் கிடக்கிறம். எல்லாருக்கும் கேளுங்க." நான் அவளோடு சண்டை பிடித்தேன். எனக்கு ஒரு பெயர்தான் வேண்டியிருந்தது.

அடக்கப் பூசையில் வாசிக்கச் சொல்லி, அவளுடைய நற்குணங்களை வரிசையாக எழுதிய தாளொன்றைத் தந்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வார்ட்டில் மிஞ்சிய பதினொரு பேருக்காகக் கேட்டேன். பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொன்னீர்கள்.

ஆண்டவருடைய சித்தம் என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. கேட்டும் கிடைக்காதவன் ஏன் இன்னும் கேட்கிறாய் என்கிறார்கள். கேட்காமல் விட்டால்தான் சம்மதம் என்றாகிவிடும்.

அவள் நின்ற இடத்தை நான் வைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். பதினொரு பேரில் ஒருத்தி போன வாரம் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டாளாம். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்.

இந்த ஞாயிறு மிச்சப் பத்துப் பேருக்குக் கேட்கப் போகிறேன். சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.