ஈயக்கட்டிகளுக்குப் பின்னால் ஒரு போன்

மதிவதனி கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வேங்கிக்காலில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் அவள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றும் அறையில் வேலை பார்ப்பவர்கள் பத்திரமாக வீடு திரும்புவது அவள் பொறுப்பு. கீழ்பென்னாத்தூரில் நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற குடும்பத்துப் பெண். இயற்பியல் படித்து, சென்னையில் பயிற்சி முடித்து வந்தவள். யாராவது விதியை மீறினால் திட்டமாட்டாள், சிரிப்பாள். திட்டினாலே தேவலை என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்.

டெக்னீஷியன் பாலாஜிக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கவியாவுக்கு டவுனில் ஒரு பேங்கில் வேலை. மருந்தறைக்குள் போன் கூடாது என்று மதிவதனி எத்தனையோ தடவை சொல்லியிருந்தும், பாலாஜி அதை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவான். ஒரு புதன்கிழமை சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது கவியா கூப்பிட்டாள். கிளவுஸைக் கழற்றாமலே எடுத்து, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

சாப்பாட்டுக்கு வெளியே வந்தவனை மதிவதனி வழக்கம்போல் கதிர்வீச்சு மீட்டரால் சோதித்தாள். கை சுத்தம். சட்டை சுத்தம். பாக்கெட் பக்கம் போனதும் மீட்டர் படபடவென்று பொரிந்தது.

"இன்னா பாலாஜி, பாக்கெட்ல யார வெச்சிருக்க?"

போனை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தார்கள். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் போனது வரவில்லை.

"சனிக்கிழமை காலைல தானா அடங்கிடும். அதுவரைக்கும் இங்கதான் இருக்கும்" என்று அவள் அதைக் கழிவுப் பொருள்கள் வைக்கும் அறையில் ஈயக்கட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். உடனே அது மணியடித்தது.

"ஆஃப் பண்ணவாவது விடுங்க மேடம்."

"சார்ஜ் தீந்தா அதுவே ஆஃப் ஆயிடும்."

வேறு வழியில்லாமல் மதிவதனியின் போனை வாங்கிக் கவியாவை அழைத்தான்.

"என் போன்ல ரேடியேஷன் ஒட்டிக்கிச்சி. சனிக்கிழமைதான் வெளிய விடுவாங்க."

கவியா கேட்டது வேறு. "இது யாரு நம்பர்?"

"எங்க மேடமோடது."

அந்த நேரம் பார்த்து மதிவதனி கொஞ்சம் குழைவாக, "பாலாஜி, டீ ஆறுது பாரு" என்றாள். லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மதியம் கவியா ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். மதிவதனி அவளை வாசலிலேயே நிறுத்தி, தான் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு, போனைத் தட்டில் வைத்து எடுத்து வந்து மீட்டரைக் காட்டினாள். அது இன்னும் பொரிந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் கம்மி.

"நிஜந்தானாக்கா?"

"நிஜந்தாம்மா. மருந்து பட்ட கிளவுஸோட தொட்டுட்டாரு."

கவியா பாலாஜி பக்கம் திரும்பினாள். "கிளவுஸோட எதுக்கு எடுத்தீங்க?"

"நீதான கூப்ட்ட."

"நான் கூப்ட்டா? இந்தக் கையாலதான சாப்புடறீங்க? நாளைக்கு நம்ம வீட்டுக்குள்ள வந்து எதையெல்லாம் தொடுவீங்க?"

பாலாஜி மதிவதனியைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே தட்டை உள்ளே எடுத்துப் போனாள். எத்தனை வகுப்பெடுத்தும் அவன் மண்டையில் ஏறாதது இப்போது ஏறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மீட்டர் சும்மா இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் அதை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான். கவியாவோ தினமும் மாலையில் மதிவதனிக்கே போன் செய்கிறாள்.

"அக்கா, இன்னைக்கு செக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா, சுத்தமா இருக்காரு" என்பாள் மதிவதனி. மனசு குஷியாக இருக்கிற நாளில் மட்டும், "இரும்மா, இடது காதுகிட்ட ஏதோ கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி இருக்குது" என்று இழுப்பாள். பாலாஜி அப்போது இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நிற்பான்.