சிவப்புப் பொட்டு வைத்த கோப்பை

"2004 நவம்பர், ஞாயிறு. மழை. பிற்பகல் நடனம் பார்த்தோம். நன்று."

என் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். ரயில் நான்கு நிமிடம் பிந்தினாலும் எழுதி வைக்கிறவன் நான். அன்று வீடு திரும்பிய பிறகு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அப்போது விட்டதை இப்போது எழுதுகிறேன்.

ஒஸ்லோவில், அம்மருட் தொடர்மாடியில், எனக்கு இரண்டு மாடி கீழே என் நண்பர் குடியிருந்தார். எண்பத்தேழில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். யாழ்ப்பாணத்தவர் ஆறு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். ஊரில் என் வீட்டார் அவருடைய ஆட்களை முற்றத்துக்கு மேல் ஏற விட்டதில்லை. தண்ணீர் கொடுப்பதும் வேறு ஏனத்தில்தான். வெளிநாட்டில் அதெல்லாம் எங்களுக்குள் இல்லை என்றே நான் நம்பியிருந்தேன்.

அவருடைய மகள் இங்கே பிறந்தவள், நடனம் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் இருவரையும் அந்த அரங்குக்கு அழைத்துப் போனாள். ரயிலில் நான் நேரம் குறிப்பதைப் பார்த்து நண்பர் சிரித்தார்.

"அண்ணை, இந்த ரயிலிலை ஏதும் களவு போனா பொலிஸ் உங்களைத்தான் முதல் தேடி வருவான்."

மேடையில் ஒரே ஒரு பெண். தென்னாபிரிக்காவில் பிறந்தவர்; ஐம்பது வயதிருக்கும். நிறத்தால் பிரிக்கப்பட்ட ஊரில் கழிந்த தன் சிறுவயதையே அவர் ஆடினார். பாட்டு இல்லை, பாதம் பலகையில் உரசும் சத்தம் மட்டும். ஒரு வாங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசிவரை அதில் உட்காரவில்லை. பிறகு ஆணியில் தொங்கிய ஒரு தகரக் குவளையை எடுத்தார். அவருடைய தாய் வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை செய்தவர் என்றும், அது வெளிச்சுவரில் தாய்க்கென்று தனியாகத் தொங்கிய குவளை என்றும் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. குவளை வாய்க்குப் பாதி வழி வரும்; கை நின்றுவிடும்; உடம்பு முழுவதும் வளைந்து திரும்பி அதை மறுபடி ஆணியில் மாட்டும். பதினொரு தடவை. எண்ணினேன். பக்கத்தில் நண்பர் தன் மேலங்கியை இறுக்கிப் பிடித்திருந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன்.

முடிந்ததும் அரங்கின் முன்கூடத்தில் நண்பரின் மகள் மூன்று வெள்ளைக் கோப்பைகளில் கோப்பி வாங்கி வந்தாள்.

"மாமா, யாழ்ப்பாணத்திலயும் இப்பிடி இருந்ததெண்டு வாசிச்சனான். உண்மையோ?"

எனக்குப் பிடித்த கேள்வி. தேநீர்க் கடையில் தனித் தகரப் பேணி, கோயில் வாசல், கிணறு என்று வாசித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். "அதெல்லாம் எங்கட அப்பா காலத்தோட சரி பிள்ளை. கடல் தாண்டி இஞ்சை வரேல்லை" என்று முடித்தேன்.

நண்பர் கோப்பியைக் குடிக்கவில்லை. கோப்பையை மெல்லத் திருப்பிக் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தது" என்றார். "பாட்ஸ்பியோர்ட் வீட்டிலை ஆறு கோப்பை. எல்லாம் வெள்ளை. ஒண்டிலை மட்டும் கைபிடியிலை சிவப்புப் பொட்டு. அதுதான் எனக்கு."

"அப்பா, நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"என்னெண்டு சொல்லுறது? அங்கை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை பிள்ளை. பொட்டுத்தான் சொன்னது."

அந்தக் கோப்பை எனக்கு நினைவில் இருந்தது. அங்கே இருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதில் குடித்ததில்லை என்பதும் அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது. "ஆர் வைச்சது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே எல்லாம் எழுதுறனீங்கள். கொப்பியைப் பாருங்கோவன் அண்ணை."

கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவுமிடம் தேடி எழுந்தார். "வையுங்கோ அப்பா, இஞ்சை வேலை செய்யிறவை எடுப்பினம்" என்று மகள் கையைப் பிடித்து இருத்தினாள்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புக் கொப்பிகளைப் புரட்டினேன். பொட்டைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு வரி இருந்தது: "தன் கோப்பையைத் தானே கழுவித் தனியே கவிழ்த்து வைப்பார். மிகவும் சுத்தமானவர்." என் கையெழுத்து. பாராட்டாக எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மாலை கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். கதவடியில் நின்றபடியே, "விடுங்கோ அண்ணை" என்றார். என் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வரும்படி கேட்டேன். "ஓம், வாறன்" என்றார். வரவில்லை. அடுத்த வருடம் ஸ்ட்ரோம்மன் பக்கம் வீடு மாறிப் போனார்கள்.

இன்றும் குறிப்பு எழுத உட்காரும்போது, கண்ணெதிரே இருந்தும் நான் எழுதாமல் விடுவது என்ன என்ற பயம் வருகிறது. அந்தப் பழைய கொப்பியில், பாட்ஸ்பியோர்ட் வீட்டுக்குப் போன முதல் மாதத்தில், இன்னொரு வரியும் உண்டு: "ஜன்னல் சட்டத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினேன். கொஞ்சம் மிச்சம்." அந்த மிச்சத்தை எடுத்துப் பொட்டு வைத்தது யார் என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்; அது என் கை இல்லை என்று எழுத என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை.