ஆவாரம்பட்டையில் ஊறிய கன்றுக்குட்டி

“...கண்ணுக்குட்டிய குடுத்தனுப்பிச்சா பூட்ஸு தைச்சி எடுத்துகினு வந்து நிக்கிறியேடா! இத்த மாடு நக்குமா, இல்ல கால்ல மாட்டிகினு நடக்குமா?”

அக்கா இதைச் சொன்னபோது நான் மாட்டுக் கொட்டகையின் நடுவில், என் கைவேலையை மாட்டின் முன்னால் நிறுத்திவிட்டு, பாராட்டு வரப்போகிறது என்று சிரித்த முகத்தோடு நின்றிருந்தேன். முகத்தில் ஏறிய சிரிப்பை உடனே இறக்கத் தெரியவில்லை. அதனால் திட்டு முழுவதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அக்கா போன தை மாதம் காலமானாள். தாது வருஷத்துப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவள். மோட்டார் பஸ் ஆம்பூர் கடைத்தெருவில் புழுதி கிளப்பியதையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். அந்தப் பஸ் முதன்முதலில் எங்கள் தெருமுனையில் நின்றபோது, “சாணி போடாத வண்டிய வெச்சிகினு இன்னாடா பண்றது?” என்று கேட்டவள். அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு மூன்றாவதோடு சரி. மிச்ச எழுத்தைத் தோல் மூட்டைகளின் மேல் மை தடவிப் போட்டிருந்த ஊர்ப் பெயர்களைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். ஆகவே இதில் பிழை இருந்தால் மூட்டைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆம்பூர் வந்தபோது சீராக ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்தாள். அம்மா போன பிறகு என்னையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். மாமா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அப்புறம் ஐம்பது வருஷம் மாடும் அவளும்தான். விடியற்காலையில் மாட்டையும் கன்றையும் வீடு வீடாக நடத்திப் போவாள். வாசலில் நிறுத்தி, செம்பைக் கவிழ்த்துக் காட்டி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று வீட்டுக்காரர்கள் தலையாட்டிய பிறகே கறப்பாள். பால் நீர்த்துப் போயிருக்கிறது என்று யாராவது முணுமுணுத்தால், “நான் கறக்கறவதான். தர்றது அது. அத்த கேளு” என்று மாட்டைக் காட்டுவாள். யாரும் மாட்டைக் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவள் வளர்த்த பிள்ளை நான், கன்று பிடிக்கத் தெரிந்த வயதில் தோல் பதனிடுகிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மாட்டை வைத்துப் பிழைக்கிற வீட்டில் பிறந்துவிட்டுத் தோலுக்குப் போகிறானே என்று உறவுக்காரர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கிணற்றடியில் குளிக்காமல் கொட்டகைக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். எனக்கோ தலை கால் புரியவில்லை. சுண்ணாம்புத் தொட்டி, பட்டைத் தொட்டி என்று நான் சாப்பாட்டு வேளையில் அளப்பதைக் கேட்டுவிட்டு, “உன் பேச்சில உறை ஊத்தினா தயிரே தோஞ்சிடும்டா” என்பாள். அதைப் புகழ்ச்சி என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது, ஒரு மார்கழிப் பனியில், கறவையில் இருந்த பசுவின் கன்று செத்துப்போயிற்று. மற்ற மாடு சினை. கன்றில்லாத மாடு பாலை மடியிலேயே எக்கிக்கொள்ளும்; நாலு நாள் விட்டால் வற்றிவிடும். அதற்கு வழக்கம் உண்டு. செத்த கன்றின் தோலை முடியோடு உரித்து, உப்பும் சாம்பலும் தடவி, வைக்கோலை அடைத்துத் தைத்து மாட்டின் முன்னால் வைப்பார்கள். மாடு அதை மோந்து நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். அக்காவும் அப்படித்தான் செய்தாள். வைக்கோல் கன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கறந்தாள்.

அந்த மாட்டை வற்ற விட முடியாததற்குக் காரணம், என்னோடு ஷெட்டில் தோலுக்கு உப்புப் போடுகிற தோஸ்த் ஒருவன். அவன் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல், தாய்ப்பால் இல்லை. “ஆட்டுப் பால் குடுத்தா கக்குதுக்கா. எருமைப் பாலும் கக்குது. உங்க மாட்டுப் பாலு ஒண்ணுதான் வயித்துல நிக்குது” என்று விடியலில் பித்தளைக் கிண்ணத்தோடு வந்து நிற்பான். “பல்லு மொளைக்கிற வரைக்கும் இந்த மாடு உம் புள்ளைக்குத்தான். நீ போய் பொம்பளைய கவனி” என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். மற்ற வீடுகளுக்கு மிச்சம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் தூறல் விழுந்து, வைக்கோல் கன்று நாற ஆரம்பித்தது. தையல் ஓரத்தில் புழு. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

“எங்கிட்ட குடுக்கா. ஷெட்ல போட்டு எடுத்துகினு வர்றேன். நூறு வருஷம் ஆனாலும் அழுவிப் போவாது.”

“கெட்டுடாதே?”

“தோல கெடாம வெக்கிறதுதான எனக்கு வேல?”

அவள் நம்பினாள். என் வாழ்க்கையில் நான் சொன்னதை அவள் கேள்வி கேட்காமல் நம்பியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஷெட்டில் நான் யோசிக்கவே இல்லை. கை யோசித்தது. தோல் என்று ஒன்று வந்தால் எங்களுக்கு ஒரே வழிதான்: ஊறவை, சுண்ணாம்பில் போடு, முடியைச் சீவித் தள்ளு, சவ்வை வழி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறக்கு. கன்றுத்தோல் மெல்லிசு என்பதால் கெட்டியான பட்டைத் தண்ணீராகப் பார்த்துப் போட்டு எட்டே நாளில் எடுத்தேன். முடி போனால்தான் எங்களுக்கு அது தோல். மாட்டுக்கு முடியும் வாசனையும்தான் பிள்ளை என்பது, மாட்டுக் கொட்டகையிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினேன். செருப்புத் தைக்கிறவரிடம் கெஞ்சி மெழுகு நூலில் தைக்கச் சொன்னேன். போதாததற்கு, என் ஒரே கோட்டிலிருந்து இரண்டு பொத்தானைப் பிய்த்துக் கண் வைத்தேன். ஷெட்டில் எல்லாரும் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, “அருமைடா” என்றார்கள். அவர்களில் ஒருவனுக்குக்கூட மாடு இல்லை.

அந்த எட்டு நாளும் அக்கா, கன்று உயிரோடு இருந்தபோது பனிக்குப் போர்த்திய கோணியை மாட்டின் மூக்கருகே தொங்கவிட்டுத்தான் கறந்து வந்தாள். நாளுக்கு நாள் கம்மி. எட்டாம் நாள் காலையில் மாடு கோணியைத் தலையால் தள்ளிவிட்டது. கிண்ணத்தின் அடியை மறைக்கவே பால் போதவில்லை. மறுநாள் விடியலில்தான் நான் என் கன்றோடு வந்து இறங்கினேன். தோஸ்தும் கூடவே வந்து வாசலில் நின்றான். பிள்ளை ராத்திரி முழுக்க அழுதது என்றான்.

கன்றை மாட்டின் முன்னால் நிறுத்தினேன். மாடு ஒரு தடவை மோந்தது. தும்மியது. பின்னால் நகர்ந்து, முன்காலால் ஒரு தட்டுத் தட்டியது. என் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துச் சாணியில் விழுந்தது. அப்போதுதான் அக்கா அந்தப் பூட்ஸுப் பேச்சைப் பேசினாள்.

நான் விடவில்லை. “கொஞ்ச நேரம் பழகட்டும்க்கா” என்றேன்.

“பழகறதுக்கு அது இன்னா மாப்பிள்ளையா? ஆவாரம்பட்ட நாத்தம் எனக்கே கொமட்டுது.”

“அக்கா,” என்றான் வாசலில் நின்றவன், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. “இன்னிக்கு இல்லன்னா சொல்லிடுங்க. கஞ்சித் தண்ணி ஏதாச்சும்...”

அக்கா மாட்டருகே போனாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். பால் இருந்தது; மாடு விடவில்லை. மூலையில் கிடந்த கோணியை எடுத்து உதறினாள். அதைத் தன் தலையிலும் முதுகிலும் போர்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, மாட்டின் முன்னங்காலருகே சாணித் தரையில் கையையும் முட்டியையும் ஊன்றிக் குனிந்தாள். தெருவே ‘பால்காரம்மா’ என்று எழுந்து வழிவிடுகிற மனுஷி. தோஸ்த் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“செம்ப எட்றா. கற.”

“எந்தப் பக்கம்க்கா ஒக்கார்றது?”

“மாட்டுக்கு ரெண்டு பக்கம்தான்டா இருக்குது. ஒண்ணுல ஒக்காரு.”

உட்கார்ந்தேன். தவறான பக்கம் போலிருக்கிறது. மாடு வாலால் என் கன்னத்தில் ஒன்று வைத்தது. மறுபக்கம் போனேன். அக்கா கோணிக்குள்ளிருந்து தலையால் மாட்டின் வயிற்றை மெதுவாக இடித்தாள், கன்று முட்டுகிற மாதிரியே, விட்டு விட்டு. மாடு கழுத்தைத் திருப்பி மோந்தது. ஒரு மூச்சு விட்டது. மறுபடி மோந்தது. பிறகு நாக்கை நீட்டிக் கோணியை நக்க ஆரம்பித்தது. கோணி நழுவி அவள் பிடரி தெரிந்ததும் பிடரியை நக்கியது. சொரசொரப்பான நாக்கு, அவள் கொண்டை அவிழ்ந்து மண்ணில் புரண்டது. என் கையில் மடி இளகியது. முதல் பீச்சல் என் சட்டைக் கைக்குள் போயிற்று, இரண்டாவது என் முழங்காலில். மூன்றாவதுதான் செம்பில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டுச் சுவரைப் பார்த்து நின்றவன், “யா அல்லா” என்றான்.

கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினேன். அவன் தளும்பாமல் நடந்து தெரு திரும்பும் வரை பார்த்துவிட்டு வந்து, “போதும்க்கா, எழுந்திரு” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மாடு இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. ஒரு கையை மட்டும் தூக்கி அதன் தாடையைத் தடவிக்கொடுத்தபடி, அது நக்கி முடிக்கிற வரைக்கும் அப்படியே குனிந்திருந்தாள்.