அவிழாத காப்பு

“யார் வூட்டுப் புள்ளப்பா இது? மூக்கு ஒழுவிக்கினு நிக்குது, பாக்க மாட்டீங்களா?”

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் இப்படி அதட்ட அன்னம்மாளுக்கு உரிமை உண்டு. யாரும் கொடுத்ததல்ல, அவளாக எடுத்துக்கொண்டது. கேட்டு முடிப்பதற்குள் அவள் முந்தானை நுனி குழந்தையின் மூக்குக்குப் போயிருக்கும். பெற்றவள் முறைப்பாள். அன்னம்மாள் அதற்குள் அடுத்த குழந்தையின் விரலைப் பிடித்து நகம் பார்த்துக்கொண்டிருப்பாள். வாலாஜாபாத் பஸ் புறப்பட்டால் சன்னல் வழியே பிள்ளைகளின் தலையை எண்ணுவாள். ஒரு தலை குறைந்தால் டிரைவர் நகர முடியாது.

மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. எங்கள் பின்தெருவில் வீடு. இந்த இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறுகூட நின்றபடிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டால், கடைசி வரிசைக்குப் பின்னால் யார் வீட்டுக் குழந்தையையோ தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவாள். காலில் சக்கரமா என்று கேட்டால், “உக்காந்தா ரோதனையா இருக்குதும்மா” என்பாள்.

இந்த ஓட்டமெல்லாம் மலேயாவில் பினாங்குக்குப் போய் வந்த பிறகுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு உதவிக்கு ஆள் கேட்டார்கள். சோறும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதைச் சொன்னதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாத அன்னம்மாள் மட்டும் நிமிர்ந்து, “நான் போறேம்மா” என்றாள்.

அண்ணன் வீராசாமி குதித்தார். “கூலி இல்லாத வேலைக்குக் கடல் தாண்டறியே, புத்தி இருக்குதா உனக்கு?”

“உள்ளூர்ல கூலி வாங்கி இன்னா மாளிகை கட்டிக்கினேன்?”

கப்பலேறியவள் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது, தெருவே தங்கம் பார்க்கத் திரண்டது. பெட்டியைத் திறந்தாள். ஒரு குடை, ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவிலும் பிஸ்கட்தான் இருந்தது.

தெரு பார்க்கத் தவறியது அவள் மணிக்கட்டில் இருந்தது. அழுக்கேறிய அரக்குப் பட்டு நூல் அது. அந்த இல்லத்து வாசலை ஒட்டி லாரி போகும் சாலை. கதவு திறந்தால் பிள்ளைகள் பாய்ந்துவிடும். அன்னம்மாள், தலைப் பின்னலுக்காக இங்கிருந்து கொண்டுபோயிருந்த கழிவுப் பட்டு நூலை எடுத்து ஆளுக்கொன்று கையில் கட்டி, நம் ஊர் ஆடி மாதத்துச் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்: காப்புக் கட்டிக்கொண்டவர், கட்டிய கை அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது! சிலுவை போட்டுக்கொண்டு கங்கையம்மன் சட்டம் பேசலாமா என்று சீண்டினேன். “சாமி எதுவா இருந்தா இன்னா? புள்ள லாரில அடிபடக் கூடாது, அவ்ளோதான்.” பிள்ளைகள் அதன்பின் வாசலைத் தாண்டவில்லையாம்.

தங்குவதற்கான அனுமதி முடிந்தது. கிளம்புகிற காலையில், தமிழும் மலாயும் கலந்து பேசும் சீனக் குழந்தை ஒன்று, மேய் லிங் என்று பெயர், இவள் விரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும், தன் கை நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து இவள் கையில் கட்டியது. குழந்தைக்கு இரண்டு சுற்றாக இருந்த நூல் இவளுக்கு ஒரு சுற்றுக்கே திணறியது.

“அழுவக்கூட இல்லம்மா அது. கட்டிட்டு நிம்மதியா வெளையாடப் போயிடுச்சி. இனிமே நான் எங்கயும் போவ முடியாதுன்னு நெனச்சிக்கினு.”

அன்னம்மாள் வாசலைத் தாண்டினாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி போக இரண்டு முறை கேட்டாள். இப்போது வெளியாட்களை விடுவதில்லை என்று பதில் வந்தது. ஆனாலும் டாக்டரம்மாவை வழிமறித்துக் கேட்டபடி இருக்கிறாள். “கட்டின கைதாம்மா அவுக்கணும். நான் போவணும்.”

போன வெள்ளிக்கிழமை, நெசவாளி ராஜவேலு வீட்டில் என் தங்கையின் கல்யாணப் புடவைக்காக நின்றிருந்தேன். தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் தீர்ந்துபோக, அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அன்னம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது நூல் அறுந்துவிட்டதாம். இரண்டு நுனியையும் மறு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

ராஜவேலுவின் மனைவி அருகே வந்து அவள் தோளைத் தொட்டாள். “அதுவா அறுந்துச்சிக்கா. நீ அவுக்கல. இனிமே ஒரு பாவமும் இல்ல. நிம்மதியா இரு.”

எனக்கும் அதுதான் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் சாமியைக் கும்பிடக்கூடச் செய்தேன். போதும், இவளை விட்டுவிடு என்று.

அன்னம்மாள் நூலை விடாமல் தறியருகே போனாள். தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். கையை ராஜவேலுவின் முன் நீட்டினாள்.

“சேத்துக் குடுப்பா.”

அவர் மனைவியைப் பார்த்தார், அன்னம்மாளைப் பார்த்தார். பிறகு இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவிலிருந்து ஓர் அரக்கு இழையை இழுத்து, பழைய நூலின் நுனியோடு வைத்து முறுக்கத் தொடங்கினார்.

தெருவில் ஏதோ குழந்தை வீறிட்டது. அன்னம்மாளின் கழுத்து வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது. கை அசையவில்லை.