ஆணியில் தொங்கிய செயின்

எங்கள் தெருமுனை பைக் மெக்கானிக்கை எல்லாரும் ‘ஆணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். செயின் மாற்ற வண்டி வந்தால், பழைய செயினைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். பக்கத்து ஆணியில் புதுசு. இரண்டும் ஒரே மட்டத்தில் முடிந்தால், “அளவு பிசகல” என்று மாட்டிவிடுவார். பழசு ஆணியிலேயே தொங்கும், அடுத்து வரும் அதே ரக வண்டிக்கும் அளவாக. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் தொழில் சுத்தம். கண்ணிகளை எண்ணியதே கிடையாது. கரி எண்ணெய்க் கையால் தலையைக் கோதி, அதே கையால் பன்னைப் பிய்த்துத் தின்பார். பார்த்தாலே குமட்டும்.

என் அக்கா, ஒதுக்குப்புற வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவள் பைக்கில் ஆணி மாட்டிய புதுச் செயின் பத்தே நாளில் இரண்டு முறை கழன்றது. இரண்டாம் முறை, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினாள். போய்ச் சேருமுன்பே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை இருவரும் வண்டியோடு போய் நின்றோம்.

“கொஞ்சம் டைட் வச்சா சரியாயிடும்மா,” என்றார்.

“இனிமே இழுக்க எடமே இல்லண்ணே. பின்சக்கரம் கடைசி வரைக்கும் போயாச்சு,” என்றாள் அக்கா.

நான் குனிந்து எண்ணினேன். செயின் தகட்டில் அடித்திருந்த 428 என்ற எண் வண்டிக்குச் சரியான ரகம்தான். ஆனால் கண்ணிகள் நூற்றிருபது. வண்டியோடு வந்த புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டு.

“ஆணியில ரெண்டும் ஒரே நீளம் தம்பி. என் கண்ணால பாத்தேன்.”

“பழசு தேஞ்சு நீண்டு போச்சுண்ணே. அதை வச்சா புதுசை அளக்குறது?”

“காலேஜுக்குப் போனா இரும்பும் வளரும்போல!” பஞ்சருக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இயற்பியல். சொல்லிக்கொள்வதில் கூச்சமே இல்லை. ஆனால் இதற்குப் பட்டம் எதற்கு? எண்ணத் தெரிந்தால் போதும். ஆணியில் இன்னும் தொங்கிய பழைய செயினை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

“நூத்திப் பதினெட்டுண்ணே.”

சிரிப்பு நின்றது. ஆணி இரண்டு கண்ணிகளை வெட்டி எறிந்து, சக்கரத்தை முன்னே தள்ளி முடுக்கினார். “ரெண்டே ரெண்டு லிங்க். இதுக்குப் போயி ஊரைக் கூட்டணுமா?”

அந்த ‘ரெண்டே ரெண்டு’தான் அக்காவை மூன்று கிலோமீட்டர் ஓடவைத்தது.

அக்கா பழைய செயினை என்னிடம் தந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். செயின் சத்தமின்றி ஓடியது. அடுத்து நின்ற அதே ரக வண்டிக்கு அளவு பார்க்க, ஆணி அந்தப் பழைய செயினுக்கே கை நீட்டினார். நான் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

“டேய், எங்கடா தூக்கிட்டுப் போற? அதுதான்டா எனக்கு அளவு!”

சட்டை முழுக்கக் கறை. திரும்பிப் பார்க்கவில்லை.